ஐந்து விலங்கு, ஐம்பது ஜீப்

கென்யாவின் மசாய் மாராவுக்குப் போய்த் திரும்புகிறவர்களில் ஒரு சாரார் சொல்லும் புகார்கள் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கின்றன. சிங்கம் இருந்தது, ஆனால் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. சிறுத்தை என்று டிரைவர் கைகாட்டிய மரத்தில் ஒரு வால் மட்டும் தொங்கியது. காண்டாமிருகம் கண்ணிலேயே படவில்லை. ஆயிரக்கணக்கில் ஆற்றைக் கடக்கும் என்று சொல்லப்பட்ட வில்டபீஸ்ட் கூட்டம் கரை வரைக்கும் வந்தது, நின்றது, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. போதாக்குறைக்கு, எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் இன்னொரு ஜீப்பின் கூரை, அதற்கு மேல் நாலு தொப்பிகள். சென்னையிலிருந்து போகிறவர் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு, மும்பை வழியாக நைரோபி போய் இறங்கி, சில லட்சங்களைச் செலவழித்தபின் இதுதான் கிடைத்தது என்றால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபம் யார்மேல் பாய்கிறது என்பதில்தான் எனக்கு வழக்கு. டிரைவருக்குத் திறமை போதாது, ஏஜென்ட் ஏமாற்றிவிட்டார், நாம் போன வாரம் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லப்படுகிறது. நேரே போய் நிற்க வேண்டிய இடத்துக்குப் புகார் போவதே இல்லை.

கோளாறு விற்கப்பட்ட சரக்கிலேயே இருக்கிறது. காட்டைத் தனித்தனிக் காட்சிகளாக நறுக்கி, இன்னின்ன விலங்கு, இத்தனை நாளுக்குள் என்று கிட்டத்தட்ட உத்தரவாதம் போட்டு விற்கிறார்கள். அந்த உத்தரவாதத்தைக் காப்பாற்றுவதற்காக எல்லா வண்டிகளும் ஒரே விலங்கை நோக்கி ஓட வேண்டியிருக்கிறது. ஓடியதும், காட்சி கெடுகிறது, வாங்கியவர் ஏமாறுகிறார். அவர் ஏமாற்றத்தோடு வீடு திரும்பிய பிறகும் அந்த விலங்குக்கு ஏற்பட்ட சேதம் அங்கேயே இருக்கிறது. பயணியின் மனக்குறையும் விலங்கின் கேடும் ஒரே வேரிலிருந்து வருகிறவை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். முன்னதைத் தீர்க்காமல் பின்னதைத் தீர்க்க முடியாது. இரண்டுக்கும் டிரைவரைத் திட்டிப் பயனில்லை.

முதலில் இடத்தையும் நேரத்தையும் வைத்துக் கணக்குப் பார்க்கலாம். மசாய் மாரா தேசியக் காப்பகத்தின் பரப்பு சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். அதன் தெற்கு எல்லையை ஒட்டியே தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்கா. அது 14,763 சதுர கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவே வேலி கிடையாது. வில்டபீஸ்ட்களும் வரிக்குதிரைகளும் மழையையும் புல்லையும் மோப்பம் பிடித்து வருடம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பிப்ரவரி வாக்கில் செரெங்கெட்டியின் தென்கோடியில் குட்டி போடுகின்றன. ஜூலையிலிருந்து அக்டோபர் வரைக்கும் ஒரு பகுதி மாராப் பக்கம் இருக்கிறது. வடக்கே மழை தள்ளிப்போனால் கூட்டமும் தள்ளிப்போகும். ஆற்றைக் கடந்த மந்தையே மறுநாள் திரும்பவும் இக்கரைக்கு வரும். இதற்கு நேர அட்டவணை போட யாராலும் முடியாது. நம் பயணியோ பெரும்பாலும் இரண்டு இரவு, மூன்று பகல் கணக்கில் வருகிறார். நைரோபியிலிருந்து செகெனானி வாயிலுக்குச் சாலை வழியாக ஐந்தாறு மணி நேரம், திரும்பும்போதும் அதே. ஆக, மூன்று பகலில் ஒரு பகல் சாலையிலேயே கழிந்துவிடுகிறது. மிச்சமிருப்பதிலும் நுழைவுச்சீட்டு செல்லுபடியாவது காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு வரை. சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்கூடப் படுத்துக் கிடக்கும் பிராணி. அது எழுந்து நடமாடுவது பெரும்பாலும் இருட்டில். அது தூங்கும் நேரத்துக்குத்தான் நாம் சீட்டு வாங்குகிறோம்.

இந்தக் கணக்கு பயணிக்கு முன்கூட்டியே தெரிவதில்லை. தெரியாமல் செய்ததில் தொலைக்காட்சிக்குப் பெரும் பங்கு உண்டு. பி.பி.சி.யின் ‘பிக் கேட் டைரி’ 1996இல் மாராவிலிருந்துதான் தொடங்கியது. சிங்கம், சிறுத்தை, சிவிங்கிப்புலிக் குடும்பங்களுக்குப் பெயர் வைத்து, நெடுந்தொடர் மாதிரி வீட்டுக்கூடத்துக்குள் கொண்டுவந்தது. இருபது வருடம் கழித்து வந்த ‘பிளானட் எர்த்’ வரிசையின் இரண்டாம் பாகத்துக்காக 40 நாடுகளில், 117 பயணங்களில், 2,089 நாட்கள் படம் பிடித்தார்கள். அத்தனையும் ஆறு அத்தியாயங்களாகச் சுருங்கின. கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, அந்த மூன்று நாளும் எல்லாரும் சிரித்துக்கொண்டே நின்றார்கள் என்று நம்புவதைப் போன்றது அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுக் காட்டை எடைபோடுவது. படம் எடுத்தவர்கள் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் எத்தனை வாரம் காத்திருந்தோம் என்று அவர்களே காட்டவும் செய்கிறார்கள். பயண விளம்பரம் அந்தக் காத்திருப்பை மட்டும் வெட்டிவிட்டு, பாயும் சிங்கத்தை எடுத்துக்கொள்கிறது.

அதற்கு மேல் ‘பிக் ஃபைவ்’. சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் என்ற இந்த ஐவர் பட்டியல் வேட்டைக்காரர்கள் போட்டது. நடந்துபோய்ச் சுடுவதற்கு எவை ஆபத்தானவையோ அவை. 1909இல் அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து இறங்கிய கையோடு கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்த தியோடர் ரூசவெல்ட்டும் அவர் மகன் கெர்மிட்டும் சேர்ந்து 512 விலங்குகளைச் சுட்டார்கள். கென்யா 1977இல் வேட்டையைத் தடை செய்தது. துப்பாக்கி போனது, பட்டியல் தங்கிவிட்டது. ஒட்டகச்சிவிங்கிக்கும் சிவிங்கிப்புலிக்கும் கழுதைப்புலிக்கும் அதில் இடமில்லை. இடம்பெற்ற ஐந்தில் சிறுத்தை தனியாக, மறைவாக, இரவில் திரியும் விலங்கு. மாராவின் கறுப்புக் காண்டாமிருகங்களோ 1970களின் தொடக்கத்தில் நூறுக்கு மேல் இருந்து, கொம்புக்காகக் கொல்லப்பட்டு, 1980களின் நடுவில் இருபதுக்கும் கீழே போயின. இன்றும் அங்கே அவை அரிதுதான். இரண்டு நாளில் ஐந்தையும் பார்க்க வேண்டும் என்று கிளம்புகிறவர் தோற்பதற்கென்றே எழுதப்பட்ட தேர்வை எழுதப் போகிறார். காண்டாமிருகம்தான் பார்க்க வேண்டுமென்றால் லேக் நகுருவோ ஓல் பெஜெட்டாவோ போகலாம். யானைக்கு அம்போசெலி இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு மாராவில் விற்பது வியாபார வசதி, அவ்வளவே.

இந்த உத்தரவாதத்தின் சுமை கடைசியில் இறங்குவது டிரைவர்-வழிகாட்டியின் தலையில். அவருடைய மாதச் சம்பளம் சிறியது. வருமானத்தில் கணிசமான பங்கு பயணிகள் கடைசி நாளில் கவரில் போட்டுக் கொடுக்கும் டிப்ஸ். கவரின் கனம் எதைப் பொறுத்தது என்பது அவருக்குத் தெரியும். புதரோரம் வண்டியை நிறுத்தி, சாணி வண்டு உருண்டையைத் தள்ளிக்கொண்டு போவதைக் காட்டினால் பின்சீட்டில் பெருமூச்சு கேட்கும். ரேடியோவில் ‘துமா’ என்றோ ‘சூயி’ என்றோ ஒரு குரல் வந்தால் போதும். சுவாஹிலியில் முன்னது சிவிங்கிப்புலி, பின்னது சிறுத்தை. கியர் மாறுகிறது, வண்டி குதித்து ஓடுகிறது, வழியில் நின்ற யானைக் கூட்டம் ஜன்னலில் கடந்துபோகிறது. கென்யத் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கம் 1996இலிருந்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தேர்வு வைத்துத் தகுதி தருகிறது. வெள்ளித் தகுதி பெற்ற ஒருவர் பறவையின் கூப்பாட்டை வைத்தே புல்லுக்குள் பாம்பு இருப்பதைச் சொல்லிவிடக் கூடியவர். அவரை ரேடியோ கேட்டு வண்டி ஓட்டுகிறவராகச் சுருக்கி வைத்திருப்பது நம்முடைய கவர்தான். அத்தனை படித்தவரிடம் “இன்னும் சிறுத்தை வரலையே” என்று நாம் முகம் சுளிப்பதைப் பார்க்கையில் எனக்கு வருத்தத்தைவிடக் கூச்சமே அதிகம்.

அந்த ரேடியோ அழைப்பின் மறுமுனையில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடுவது. சிங்கமும் கழுதைப்புலியும் உலவும் இரவு அதற்கு ஆபத்து என்பதால் வெளிச்சத்தைத் தேர்ந்துகொண்ட விலங்கு. குட்டிகளைப் புல்லில் பதுக்கிவிட்டு, கரையான் புற்றின்மேல் ஏறி நின்று தாம்சன் மான் கூட்டத்தைப் பார்க்கிறது தாய். அதற்குத் தேவை சில நூறு மீட்டர் திறந்த தரையும் யாரும் அசையாத சில நிமிடங்களும். அப்போது முதல் வண்டி வருகிறது. பின்னாலேயே நாலு, அப்புறம் பத்து. வெளிச்சம் நன்றாக விழும் பக்கத்துக்காக வண்டிகள் ஒன்றையொன்று முந்துகின்றன. மான்கள் தலை தூக்கிவிட்டன, வேட்டை போயிற்று. ஒருவேளை ஓடிப் பிடித்தாலும், அந்த ஓட்டத்துக்குப் பிறகு நெடுநேரம் மூச்சிரைத்துக் கிடக்க வேண்டும். வண்டிகள் குழுமிய இடம் நெடுந்தூரத்துக்குத் தெரியும், கழுதைப்புலிக்கும்தான். 2018இல் ஃபெம்கே புரூக்ஹைஸ் வெளியிட்ட ஆய்வு மாராவின் சிவிங்கிப்புலித் தாய்களைப் பின்தொடர்ந்து எழுதப்பட்டது. பயணிகள் குறைவாக வரும் பகுதிகளில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 2.3 குட்டிகள் வளர்ந்து தனித்துப் போயின. பயணிகள் மிகுந்த பகுதிகளில் அந்தச் சராசரி 0.2. அதாவது, ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி. வண்டிகளில் இருந்த ஒருவருக்கும் அந்தக் குட்டிகளைக் கொல்லும் எண்ணமில்லை. எல்லாரும் பாசத்தோடு படம் எடுக்கத்தான் வந்தார்கள்.

ஆற்றங்கரையிலும் இதே கதை, இன்னும் பெரிய அளவில். மாரா ஆற்றில் ஆண்டுக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட்கள் மூழ்கிச் சாகின்றன என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த உடல்களில் முதலையும் கழுகும் தின்றது போக மீதம் மீனுக்கும் ஆற்றுக்குமே உரமாகிறது. ஆபத்து தெரிந்துதான் மந்தை கரையில் தயங்குகிறது. முன்வரிசை ஒன்று காலை வைக்கும், எடுக்கும்; பின்னாலிருந்து புழுதியோடு நெருக்கல். அரை மணியோ ஐந்து மணி நேரமோ ஆகலாம். அந்த நேரம் முழுக்க வண்டிகள் எதிரிலும் பக்கத்திலும் இஞ்சினை உறுமவிட்டுக் காத்திருக்கின்றன. முதல் விலங்கு இறங்கியதும் அத்தனையும் கரை விளிம்புக்குப் பாய்கின்றன. 2025 ஜூலையில் வடக்குச் செரெங்கெட்டியில் பயணிகள் வண்டியை விட்டே இறங்கி, கரையோரம் வரிசை கட்டி நின்று, மந்தையின் வழியை மறித்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. சட்டம் இல்லாமலில்லை. மாராவில் ஒரு விலங்கைச் சுற்றி ஒரே சமயத்தில் ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, தடத்தை விட்டு இறங்கக் கூடாது, குறிப்பிட்ட தூரத்துக்குள் நெருங்கக் கூடாது. மாரா முக்கோணம் எனப்படும் மேற்குப் பகுதியை 2001இலிருந்து நிர்வகிக்கும் தனி அமைப்பு இவற்றை ஓரளவு கண்டிப்போடு நடத்துகிறது. சீசன் உச்சத்தில் மற்ற இடங்களில் ஐந்து என்ற எண்ணைக் காப்பாற்ற எத்தனை ரேஞ்சர் வேண்டும் என்பது வேறு கேள்வி. உத்தரவாதம் கொடுத்து அழைத்து வந்த நூறு வண்டியை வாயிலுக்குள் விட்டபின் விலங்கின் அருகே ஐந்தாக்கு என்று சொல்வது நடக்கிற காரியமா?

இங்கே முதல் ஆட்சேபம் வரும். பணம் கொடுத்தவர் பார்க்க ஆசைப்படுவது குற்றமா? வாழ்நாளில் ஒரு தடவை, அதுவும் மாதத் தவணை கட்டிப் போகிறவரிடம், வால் தெரிந்தால் போதும் என்று திருப்திப்படச் சொல்வது யாருடைய நியாயம்? இதில் பாதி சரி. ஆசை குற்றமில்லை. ஆனால் அவர் எதற்குப் பணம் கொடுத்தார் என்பதைப் பார்க்க வேண்டும். நுழைவுக் கட்டணம் நிலத்தில் பன்னிரண்டு மணி நேரம் இருக்கக் கொடுத்தது. சிறுத்தைக்கான விலை அதில் இல்லை, இருக்கவும் முடியாது, ஏனென்றால் சிறுத்தை யாருடைய சரக்கும் அல்ல. இல்லாத சரக்குக்கு விலை வாங்கியது ஏஜென்ட்டும் விளம்பரமும்தான். ஆகவே பயணியின் நுகர்வோர் உரிமையை நான் மறுக்கவில்லை. அந்த உரிமையை வைத்து அவர் கேட்க வேண்டியது வேறு. எத்தனை மணி நேரம் காட்டில் இருக்க முடிந்தது, எத்தனை வண்டிகளுக்கு நடுவே, எப்படிப்பட்ட வழிகாட்டியோடு என்று கேட்கலாம். இவை மூன்றும் விற்றவரின் கையில் இருந்தவை.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிட வலுவானது. கூட்டம் வந்தால்தான் காசு. காசு இருந்தால்தான் காடு. 2019இல் சுமார் 20 லட்சம் வெளிநாட்டினர் வந்த கென்யாவுக்கு 2020இல் 6 லட்சத்துக்கும் குறைவானவர்களே வந்தார்கள். ரேஞ்சர் சம்பளத்திலிருந்து நில வாடகை வரைக்கும் ஆட்டம் கண்டது. அந்த வருடத்தைப் பார்த்தவர் யாரும் சுற்றுலாப் பயணி வேண்டாம் என்று சொல்ல மாட்டார். ஆனால் கூட்டமும் காசும் பல பத்தாண்டுகளாக வந்துகொண்டிருந்த காலத்தில் விலங்குகள் என்ன ஆயின? ஜோசப் ஒகுட்டுவும் சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, 1977க்குப் பிறகு கென்யாவின் வனவிலங்குகள் சராசரியாக 68 சதவீதம் குறைந்துவிட்டன. மாராவுக்கு வடகிழக்கே லோய்ட்டா சமவெளியிலிருந்து ஆண்டுதோறும் வந்த இன்னொரு வில்டபீஸ்ட் பெயர்ச்சி இருந்தது. 1970களில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த அந்த மந்தை முக்கால் பங்குக்கு மேல் அழிந்துபோயிற்று. கோதுமை வயல், குடியிருப்பு, கம்பி வேலி என்று காரணங்கள் பல. பெரிய பெயர்ச்சியின் எண்ணிக்கையே இப்போது விவாதத்தில் இருக்கிறது. நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது 13 லட்சம். செயற்கைக்கோள் படங்களைக் கணினி கொண்டு எண்ணி 2025இல் வெளியான ஆய்வு 6 லட்சத்துக்கும் குறைவு என்கிறது. பழைய கணக்கு பிசகா, மந்தைதான் குறைந்ததா என்பது இன்னும் தீரவில்லை.

காசு வந்தும் ஏன் இந்த நிலை? கென்யாவின் வனவிலங்குகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பூங்காக்களுக்கும் காப்பகங்களுக்கும் வெளியே, மாடு மேய்ப்பவர்களின் நிலத்தில் வாழ்கிறது. வாயிலில் வசூலாகும் பணம் அந்த மேய்ப்பவர் கைக்குப் போய்ச் சேர்வது அரிது. 2015 டிசம்பரில் ‘பிக் கேட் டைரி’ புகழ் மார்ஷ் சிங்கக் கூட்டத்துக்கு நேர்ந்ததை நினைவில் வைத்துக்கொள்ளலாம். இரவில் மேய வந்த மாட்டைச் சிங்கம் அடித்தது. கோபம் கொண்ட மேய்ப்பர்கள் மாட்டின் உடலில் பூச்சிமருந்தைக் கலந்து வைத்தார்கள். உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த பீபி என்ற பெண்சிங்கம் செத்தது. லட்சக்கணக்கானவர்கள் திரையில் பார்த்து நேசித்த சிங்கம், பக்கத்து வீட்டுக்காரருக்கு மாட்டைத் தின்ற பிராணி மட்டுமே. காட்சியை விற்றவர்களும் வாங்கியவர்களும் ஒருவரோடொருவர் கணக்கு முடித்துக்கொண்டார்கள், நிலத்துக்காரரை விட்டுவிட்டு.

இதற்கு மாராவிலேயே ஒரு பதில் இருக்கிறது. பொது மேய்ச்சல் நிலங்கள் குடும்பத்துக்குக் குடும்பம் தனிப் பட்டாவாகப் பிரிந்தபோது, எல்லாரும் வேலி போட்டுவிட்டால் விலங்குக்கு வழியிருக்காது என்ற நிலை வந்தது. 2006இல் ஓலாரே ஒரோக், அதற்கடுத்த சில ஆண்டுகளில் மாரா நார்த், நபொய்ஷோ என்று மசாய் நிலக்காரர்கள் தங்கள் துண்டு நிலங்களை ஒன்றாகச் சேர்த்து, முகாம் நடத்துகிறவர்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். நபொய்ஷோவில் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்ட நிலக்காரர்கள். சுமார் 50,000 ஏக்கர். பயணி வந்தாலும் வராவிட்டாலும் மாத வாடகை உண்டு என்பதே ஏற்பாட்டின் உயிர்நாடி. கொரோனா காலத்தில் அந்த உயிர்நாடியும் சில இடங்களில் தளர்ந்து, வாடகை குறைக்கப்பட்டது, முழுக்க அறுந்துபோகவில்லை. முகாம்களின் எண்ணிக்கைக்கும் படுக்கைகளின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். மாடுகள் முறை வைத்து மேய்கின்றன. இன்று இப்படிப்பட்ட நிலங்களின் மொத்தப் பரப்பு காப்பகத்துக்கு ஏறக்குறைய இணையாகிவிட்டது. இங்கே விற்கப்படுவது நிலமும் நேரமும் அமைதியும். சிங்கம் வராத நாளிலும் விற்ற பொருள் கொடுக்கப்பட்டிருக்கிறது. புகார்கள் குறைவாக இருப்பதில் வியப்பில்லை.

அப்படியானால் அது பணக்காரர்களுக்கு மட்டும்தானே என்பது மூன்றாவது ஆட்சேபம். இது என்னை உறுத்துகிற ஆட்சேபம், ஏனென்றால் இதில் உண்மை நிறைய. ருவாண்டா 2017இல் கொரில்லா பார்க்கும் அனுமதிச் சீட்டை 1,500 டாலராக்கியது. ஒரு குடும்பத்தைப் பார்க்க நாளுக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம். கொரில்லாவுக்கு நல்லது, சந்தேகமில்லை. நடுத்தரக் குடும்பத்துக்குக் கதவு சாத்தப்பட்டது. ஆனால் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த விலைதான் ஒரே வழி என்பது கிடையாது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் சொந்தக் காரிலேயே தார்ச்சாலையில் போகலாம். உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டணம் குறைவு. ஒவ்வொரு வாயிலிலும் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று ஒதுக்கீடு இருக்கிறது, நெரிசல் நாட்களில் முன்பதிவு இல்லாதவர் திரும்ப வேண்டியதுதான். அங்கும் நோய் இல்லாமலில்லை. எந்தத் திருப்பத்தில் சிங்கம் படுத்திருக்கிறது என்று கைப்பேசிச் செயலிகள் சொல்லத் தொடங்கியதும் சாலை நெரிசலும் வேகமும் கூடி, 2016இல் பூங்கா நிர்வாகமே அவற்றைத் தடுக்க வழி தேடியது. இலங்கையின் யாலவில் சிறுத்தையைத் தேடி ஜீப்புகள் முட்டிக்கொள்வதும் இதே வியாதிதான். ஏழைக்கும் இடம் வேண்டும் என்றால் தலைக்கணக்கை வைத்து வரிசை போடலாம். நெரிசலை எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுப்பதைச் சமத்துவம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மாராவை நிர்வகிக்கும் நரோக் மாவட்ட அரசு எடுத்த வழி விலை. 2024இலிருந்து வெளிநாட்டவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். பெற்றோர் இருவர், பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர் என்றால் சீசனில் ஒரு நாளைக்கு வாயிலில் மட்டும் 500 டாலர். நம் பணத்தில் நாற்பதாயிரத்துக்கு மேல். இந்த விலையின் விளைவு விசித்திரமானது. நாள் கணக்கில் இத்தனை அழுதவர் பொறுமையாக உட்கார மாட்டார்; ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடத் துடிப்பார், டிரைவரை விரட்டுவார். வண்டிகளுக்கு வரம்பு வைக்காமல் கட்டணத்தை மட்டும் ஏற்றியது அவசரத்தை வளர்த்திருக்கிறது. 2023 முதல் 2032 வரைக்கான மேலாண்மைத் திட்டம் புதிய தங்குமிடங்களுக்குத் தடை சொல்கிறது. அந்த மை காய்வதற்குள், 2025 ஆகஸ்டில், சாண்ட் ரிவர் கரையில் சர்வதேசச் சங்கிலி ஒன்றின் சொகுசு முகாம் திறக்கப்பட்டது. விலங்குகளின் வழித்தடத்தை மறிக்கிறது என்று மசாய் செயற்பாட்டாளர் ஒருவர் நீதிமன்றம் போனார். வழித்தடம் மறிபடவில்லை, அனுமதிகள் முறையானவை என்று எதிர்த்தரப்பு சொன்னது. அந்த முகாமின் விருந்தினர்கள் ஏமாற மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர்களும் காலையில் அதே ஆற்றங்கரைக்குத்தான் வண்டியில் வருவார்கள்.

இன்னொரு சமாதானமும் உண்டு: எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. பொறுப்பை மறுபடியும் பயணியின் தலையிலேயே கட்டுகிறது. நான் சொல்வது எதிர்பார்ப்பைக் குறைப்பது பற்றியல்ல, மாற்றுவது பற்றி. மாராவில் ஐந்நூறு வகைப் பறவைகள் வரைக்கும் பதிவாகியிருக்கின்றன. பாம்பைக் காலால் உதைத்தே கொல்லும் செயலாளர்ப் பறவை நெட்டைக்கால் போட்டுப் புல்லில் நடந்து போவதைப் பத்து நிமிடம் பார்க்க எந்த ரேடியோவும் வேண்டாம். கழுதைப்புலி வளையருகே காலையில் நிறுத்தினால் குட்டிகள் டயர் வரைக்கும் வந்து மோந்து பார்க்கும். ஜனவரி, பிப்ரவரியில் கட்டணம் பாதி; பெயர்ச்சி இருக்காது, ஆனால் மாராவின் சிங்கமும் யானையும் எங்கும் பெயர்ந்து போவதில்லை. இரண்டு இரவை நாலாக்கி, மூன்று ஊரை ஒன்றாக்கினாலே சாலையில் கழியும் பகல்கள் காட்டுக்குத் திரும்பிவிடும். இப்படி விற்க ஏஜென்ட்டுகளுக்குத் தெரியாமலில்லை. ஒரே பயணத்தில் மாரா, நகுரு, நைவாஷா, அம்போசெலி என்று நாலு பெயர் அச்சிட்டால்தான் தாளைப் பார்த்ததும் கை நீளுகிறது என்கிறார்கள். அந்தத் தாளைத் திருத்தும் வலிமை வாங்குகிறவருக்குத்தான் இருக்கிறது. கென்யாவுக்குப் பயணிகளை அனுப்பும் நாடுகளில் இந்தியா முன்வரிசைக்கு வந்துவிட்ட நிலையில், நம் ஊர் ஏஜென்ட் கேட்டால் நைரோபியில் இருப்பவர் மறுக்கப் போவதில்லை.

ஆகவே அடுத்த முறை மாராவுக்குப் பணம் கட்டும் முன் கேட்டுப் பார்க்கலாம். காப்பகத்துக்குள்ளேயா, வெளியேயா, குத்தகை நிலத்திலா, எங்கே தங்கவைக்கிறீர்கள்? ஒரு வண்டியில் எத்தனை பேர், ஆளுக்கொரு ஜன்னல் உண்டா? வழிகாட்டிக்கு வெண்கலமா, வெள்ளியா? விலங்கைச் சுற்றி ஐந்து வண்டி ஏற்கெனவே நின்றால் அவர் ஆறாவதாக நுழைவாரா, விலகிப் போவாரா? விலகிப் போனால் அதற்காக அவருடைய டிப்ஸைக் குறைக்க மாட்டோம் என்று நாமும் முதல் நாளே அவரிடம் சொல்லிவிடலாம். இத்தனைக்கும் பதில் சொல்லாமல், “சார், பிக் ஃபைவ் கேரண்டி, அதுக்கு நான் பொறுப்பு” என்று ஏஜென்ட் ஆரம்பித்தால், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிடலாம்.